பிரேக் மாஸ்டர் கிளம்பிய கதை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளரின் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். தெருவைக் கடக்கலாமா வேண்டாமா என்று ஒரு நாய் யோசிக்கத் தொடங்கும்போதே இவர் மிதித்துவிடுவார். நாய் மனசை மாற்றிக்கொண்டு திரும்பிப் போன பிறகும் காலை எடுக்க மாட்டார். வண்டி கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. தன்னிடம் படித்தவர்கள் யாரும் யார் மேலும் இடித்ததில்லை என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவருடைய மனைவியும் அவரிடம் வண்டி கற்றுக்கொள்ள வந்தவள்தான். நூலும் பொத்தானும் விற்கிற கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்க நூல்கண்டுகள் நிற வாரியாக அடுக்கப்பட்ட நீளமான கடை. யாராவது வந்து கறுப்பு நூல் கேட்டால், "எந்தக் கறுப்பு?" என்று கேட்பாள். கேட்டவர் திருதிருவென்று விழிப்பார். துணியைக் கையில் வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற கண்டை எடுத்துக் கொடுப்பாள். தையல்கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோக ஆள் வேண்டும் என்று முதலாளிதான் அவளை வண்டி கற்றுக்கொள்ள அனுப்பிவைத்தார்.

மற்றவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கும். இவள் ஏதோ சொந்த வண்டியில் வீட்டுக்குப் போகிறவள்போல ஓட்டினாள். ஒருநாள் ஊர் எல்லையில் இருக்கும் ரவுண்டானாவில், "வலது பக்கம் திரும்பு" என்று மாஸ்டர் சொல்ல, அவள் நேராகப் போய்விட்டாள். மாஸ்டர் வழக்கம்போல மிதித்தார். வண்டி ஓரமாகக் குலுங்கி நின்றது. அவள் பதறவில்லை. கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாஸ்டர், இந்த ரோட்டுல நேரா போனா எங்க போகும்?"

"மலை வரும். அதைத் தாண்டினா பெரிய ஏரி ஒண்ணு இருக்காம். கடைசியில கடல்."

"நீங்க போயிருக்கீங்களா?"

"நான் எதுக்கு அங்கெல்லாம் போகணும்?"

"ஓட்டத் தெரியுமே, அதுக்குத்தான்."

மாஸ்டர் வண்டியை மறுபடி கிளப்பச் சொன்னார். அவர் ஊரைவிட்டு வெளியே வண்டி ஓட்டியதே கிடையாது. அதைவிட வேடிக்கை, அவர் வண்டி ஓட்டுவதே அரிது. அடுத்தவர்கள் ஓட்டுவார்கள், இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதும் அந்தச் சாலைதான் கண்ணுக்குள் நின்றது. அதைவிட அதிகமாக அவள் கேட்ட விதம்.

கல்யாணம் ஆன முதல் வருடமே அந்தப் பயணம் இருவருடைய ஆசையாகிவிட்டது. சாலை முடியும் இடம் வரை போவது, கடலைப் பார்ப்பது, திரும்பி வருவது. பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்கள். ரொட்டிக் கம்பெனி கழித்துக்கட்டிய பழைய வேன் ஒன்று வந்தது. அவளுடைய தம்பி வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். அவன் உள்ளே மடக்குக் கட்டில் ஒன்றும், அடுப்பு வைக்கத் தட்டும், தண்ணீர்க் கேனுக்கு வளையமும் அடித்துக் கொடுத்தான். அவள் கடையில் மீந்த துணிகளை ஒட்டுப்போட்டு ஜன்னலுக்குத் திரை தைத்தாள். பல நாள் கழித்தும் அந்த வேனைத் திறந்தால் ரொட்டி வாசனைதான் அடித்தது.

அந்தக் கோடையிலேயே கிளம்பியிருக்கலாம். அவள் பைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

"ஒரு விஷயம் யோசிச்சுப் பாத்தியா?" என்றார் மாஸ்டர். "மலை மேல வண்டி நின்னு போச்சுன்னா யாரு பாப்பா? எனக்கு ஓட்டத்தான் தெரியும். என்ஜினைத் திறந்தா தலையும் புரியாது, வாலும் புரியாது."

நியாயமான பேச்சு. அவளும் தலையாட்டினாள். மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குப் போய் வேலை கற்றுக்கொண்டார். ஆர்வமாகத்தான் கற்றார். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் அளவுக்குத் தேறினார். அதற்குள் மகள் பிறந்தாள். கைக்குழந்தையோடு மலைக்குப் போவதாவது என்று பெரியவர்கள் கத்தினார்கள். பயணம் தள்ளிப்போனது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

மகள் கொஞ்சம் வளர்ந்ததும் மனைவி மறுபடி பேச்செடுத்தாள். மாஸ்டர் முதலுதவி வகுப்பில் சேர்ந்திருந்தார். "குழந்தையைக் கூட்டிட்டுப் போறோம். அடிகிடி பட்டா என்ன பண்றது?" முதலுதவி முடிந்ததும் நீச்சல். வழியில் ஆறுகள் குறுக்கிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பாலத்தின் மேல்தானே போகப்போகிறோம் என்று அவள் கேட்டதற்கு, "பாலம் உடைஞ்சிருந்தா?" என்றார். முப்பத்தைந்து வயதில் சின்னப் பிள்ளைகளோடு இடுப்பளவு தண்ணீரில் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தார். அப்புறம், மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் வேறு மொழி பேசுவார்கள் என்பதால் அந்த மொழி. கேசட் வாங்கிவந்து, முகச்சவரம் செய்துகொண்டே, "தண்ணீர் எங்கே கிடைக்கும்? இந்தப் பாதை திறந்திருக்கிறதா?" என்று கண்ணாடியைப் பார்த்து வேற்று மொழியில் கேட்டுக்கொண்டிருப்பார். மகளுக்கு அது பெரிய வேடிக்கை. அவள் கதவுக்கு வெளியே நின்று, "பாதை மூடியிருக்கு, அப்பா பாத்ரூமை விட்டு வெளியே வரவும்!" என்று கத்துவாள்.

முடிவெட்டக்கூடக் கற்றுக்கொண்டார். வழியில் ஆள் கிடைக்கவில்லையென்றால் என்ன செய்வது என்று யோசித்ததன் பலன். ஒத்திகைக்கு மனைவியின் தலைதான் கிடைத்தது. அவள் அதன்பிறகு பல நாள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டே கடைக்குப் போனாள். முதலாளி என்ன ஆயிற்று என்று கேட்டபோது, "எங்க வீட்டுக்காரர் ஊருக்குக் கிளம்பறார்" என்று மட்டும் சொன்னாள். கடையே சிரித்தது.

தம்பிக்காரன் வாய் சும்மா இருக்காது. "அக்கா, மாமா பிரசவம் பாக்கவும் கத்துக்கிட்டுத்தான் வண்டியை எடுப்பார் போல. நீ இன்னொண்ணு பெத்துக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடு."

அவளும் சிரிப்பாள். ஆனால் ஒருநாள் சிரிப்பின் நடுவிலேயே நிறுத்தி, "என்னங்க, போயிட்டே கத்துக்கலாமே?" என்று கேட்டாள். இரைந்து கேட்கவில்லை. கெஞ்சவும் இல்லை. மாஸ்டர் அடுப்புத் திரியை மாற்றிக்கொண்டிருந்தார். "தெரியாத இடத்துல போய் முழிக்கச் சொல்றியா?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

கற்றுக்கொள்வதில் அவருக்கு இருந்தது பொய்யான ஆசை அல்ல. ஒவ்வொரு வகுப்பும் முடிந்து வீட்டுக்கு வரும்போது அவர் நடையே மாறியிருக்கும். ஒரு கெட்டியான கயிற்று முடிச்சைப் போடத் தெரிந்துவிட்டால், மலையில் பாதி ஏறிவிட்டதுபோல நெஞ்சு நிமிரும். கற்றுக்கொண்டிருக்கும் வரை அந்தப் பயணத்தில்தான் இருக்கிறோம் என்று அவர் மனதார நம்பினார். அடியில் கிடந்தது பயம் என்பது அவருக்கே வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. ஊருக்குள் இருக்கும் ஒவ்வொரு வேகத்தடையும் அவருக்குத் தெரியும். எந்த வளைவில் எந்தக் கடைக்காரன் வண்டியைக் குறுக்கே நிறுத்துவான் என்று தெரியும். அந்த ரவுண்டானாவைத் தாண்டிவிட்டால் அவரும் ஒரு கற்றுக்குட்டிதான். கற்றுக்குட்டிகள் என்னவெல்லாம் செய்து தொலைப்பார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர் அவர்.

மகள் பள்ளிப்படிப்பை முடித்த வருடம் கிட்டத்தட்டக் கிளம்பியேவிட்டார்கள். நூல்கடை முதலாளி அவளுக்கு விடுப்புக் கொடுத்துவிட்டார். பயிற்சிப் பள்ளியிலும் வேறு ஆளைப் போட்டாயிற்று. வேனுக்குள் போர்வை, பாத்திரம், மகளுடைய ரேடியோ எல்லாம் ஏறிவிட்டன. கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, மாஸ்டர் வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, முகத்தைச் சுருக்கிக்கொண்டு இறங்கினார்.

"கியர்பாக்ஸ்ல ஏதோ சத்தம் வருது."

தம்பியை வரவழைத்தார்கள். அவன் ஓட்டிப் பார்த்தான். அடியில் படுத்துப் பார்த்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ஒரு சத்தமும் இல்ல மாமா" என்றான்.

"உனக்குக் கேக்கல மச்சான். நான் ஷெட்டுல வேலை கத்துக்கிட்டவன். எனக்குக் கேக்குது."

"அப்போ இறக்கிப் பாக்கணும். இறக்கினா பத்து நாளாவது ஆகும்."

"ஆகட்டும். பொண்டாட்டி பிள்ளையை வெச்சுக்கிட்டு விஷப்பரீட்சை பண்ண முடியுமா?"

அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். வேனுக்குள் ஏறி, போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து மகள் கையில் கொடுத்தாள். கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தபோது அதில் ஒரு குறையும் இல்லை. அதற்குள் மழைக்காலம் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு பயணத்தைப் பற்றி அவள் தானாகப் பேசியதில்லை. வேன் கொட்டகையில் நின்றது. மாஸ்டர் வாரம் ஒருமுறை என்ஜினை ஓடவிட்டு, தூசி தட்டி, டயருக்குக் காற்றடித்து வைப்பார்.

அவளுக்கு ஐம்பது தாண்டிய பிறகு சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் நடந்தன. நாற்காலியில் இடித்துக்கொண்டாள். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டாள். கடையில் கருநீல நூலைக் கறுப்பென்று கொடுத்துவிட்டாள். வாங்கிப்போன தையல்காரர் திரும்பி வந்து, நம்ப முடியாமல் அவளையே பார்த்தார். "அசதியா இருக்கும்மா, நாலு நாள் லீவு போடு" என்றார் முதலாளி. மாஸ்டரும் மகளும் வீட்டில் கிண்டலடித்தார்கள். "ஞாபகமெல்லாம் எங்கேயோ இருக்கு" என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஒருநாள் மாஸ்டர் கொட்டகையில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. தேநீர் கொண்டுவந்தவள் நேராக வந்து அந்தக் கதவின் விளிம்பில் நெற்றியை மோதிக்கொண்டாள். ரத்தம் வழிந்தது. மாஸ்டர் பதறாமல் அவளை உட்காரவைத்தார். காயத்தை அழுத்திப் பிடித்தார், கழுவினார், பஞ்சு வைத்துக் கச்சிதமாகக் கட்டுப் போட்டார். இத்தனை வருடத்தில் முதலுதவி வகுப்பு உருப்படியாகக் கைகொடுத்தது அன்றுதான். கட்டின் நேர்த்தியைத் தள்ளி நின்று ஒருமுறை ரசித்துக்கூடப் பார்த்தார். பிறகு, "இவ்ளோ பெரிய கதவு நிக்குது, பாத்து வரக் கூடாதா?" என்று கடிந்துகொண்டார்.

"பாத்துத்தாங்க வந்தேன்" என்றாள் அவள்.

அந்தப் பதில் அவர் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

கண் டாக்டரிடம் போனது அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் கழித்து, எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்பதற்காக. இளம் வயது லேடி டாக்டர். எந்திரத்தில் முகத்தை வைக்கச் சொல்லி, பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். அவள் வெகுநேரம் அழுத்தாமலேயே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் மாஸ்டரைத் தனியாக அழைக்கவில்லை. இருவரையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தி. நரம்பு கெட்டுப் போயிருக்கு. இதுல வலி இருக்காது. முதல்ல ஓரத்துப் பார்வை போகும். நடுவுல நல்லாவே தெரியறதால யாருக்கும் சந்தேகம் வராது. சாமான் மேல இடிக்கறது, கதவுல மோதிக்கறது, அப்படி ஏதாவது?"

அவள் நெற்றியில் இருந்த தழும்பை மாஸ்டர் பார்த்தார். அவர் கட்டுப் போட்ட காயம் நன்றாகத்தான் ஆறியிருந்தது. சின்னக் கோடு.

"அப்பவே வந்திருந்தா?" என்று கேட்டார்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இருந்ததை இன்னும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம்."

பக்கவாட்டில் பார், பக்கக் கண்ணாடியைப் பார், ஓரத்தில் என்ன வருகிறது என்று பார். வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். திரும்பும் வழியில் ஒரு கடை வாசலில் அவரால் மேலே நடக்க முடியவில்லை. காலில் ஏதோ பிடித்துக்கொண்டது என்று அவளிடம் சொன்னார்.

சொட்டு மருந்து போட்டார்கள். அறுவை சிகிச்சை ஒரு கண்ணுக்கு நடந்தது, பிறகு இன்னொன்றுக்கு. கொஞ்சம் நின்றதுபோல இருக்கும், மறுபடி இறங்கும். மாஸ்டர் இப்போதுதான் துடித்தார். "நாளைக்கே கிளம்பலாம், பாத்துடலாம்" என்று நின்றார். இப்போது போகக் கூடாது என்று டாக்டர் தடுத்தார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, கண் சிவந்தது, மறுபடி ஆஸ்பத்திரி. இரண்டு வருடத்துக்குள் அவளுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. நூல்கடை வேலையை விட்டாள். கடைசி நாளில் முதலாளி நூல்கண்டுகள் அடுக்கியிருந்த சுவர் பக்கம் அவளை அழைத்துப்போய் நிறுத்தினாராம். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரிங்கய்யா" என்று வந்துவிட்டாளாம்.

மகள் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருந்தாள். ஒரு விடுமுறை நாளில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாஸ்டரின் மனைவிதான் கேட்டாள்: "வேன் ஓடற நிலைமையில இருக்கா?"

மாஸ்டர் கையில் எடுத்ததை வாயில் வைக்கவில்லை. "இருக்கு."

"அப்போ போயிட்டு வரலாம்."

"அம்மா, இப்போ எதுக்கும்மா?" என்றாள் மகள்.

"உங்கப்பா போகாம இருந்தது என் கண்ணுக்காக இல்லையே. இப்போ மட்டும் என்ன?"

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் மாஸ்டருக்கு அதிகம் வலித்தது.

இந்தமுறை அவர் எதையும் சரிபார்க்கவில்லை. என்ஜின் ஆயிலைக்கூடத் தம்பிதான் பார்த்துவிட்டுப் போனான். மூன்றாம் நாள் காலை இருவரும் கிளம்பினார்கள். ரவுண்டானா வந்தது. நேராகப் போனார்கள். அவ்வளவுதான். இத்தனை ஆண்டுகள் அவரைத் தடுத்து நிறுத்திய இடத்தில் ஒரு பெட்ரோல் பங்கும் ஒரு விளம்பரப் பலகையும்தான் இருந்தன.

வழியில் எதுவுமே நடக்கவில்லை. டயர் பஞ்சராகவில்லை. என்ஜின் இருமக்கூட இல்லை. பாலங்கள் எல்லாம் புதிதாக, அகலமாக இருந்தன. நீந்திக் கடக்க வேண்டிய ஆறு எங்குமே குறுக்கிடவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில், கேசட்டில் மனப்பாடம் செய்த வாக்கியத்தை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னபோது, கடைக்காரப் பெண் சிரித்துவிட்டு அவருடைய மொழியிலேயே பதில் சொன்னாள். கற்றுக்கொண்ட எதற்கும் தேவை வரவில்லை. தேவைப்பட்டது வேறொன்று.

"இப்போ எங்க இருக்கோம்?" என்று கேட்டாள் அவள்.

"மலை ஏறிட்டு இருக்கோம்."

"எப்படி இருக்கு?"

"பெரிசா இருக்கு."

"மலைன்னா பெரிசாத்தாங்க இருக்கும். அப்புறம்?"

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். சொல்லத் தெரியவில்லை. மரம், பாறை, புகை மாதிரி ஏதோ. "மரமெல்லாம் இருக்கு" என்றார். தன் காதுக்கே கேவலமாக இருந்தது. முன்னே வரும் லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவரால் துல்லியமாகச் சொல்ல முடியும். வளைவு எவ்வளவு கூர்மை என்று சொல்ல முடியும். சாலையைத் தவிர வேறு எதையும் அவர் கண்கள் பார்த்துப் பழகியதில்லை. அவளாக இருந்தால் இந்நேரம் அந்த மலையை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்திருப்பாள். எந்தப் பச்சை, எங்கே வெளுக்கிறது, எங்கே கருக்கிறது எல்லாம் சொல்லியிருப்பாள். பார்க்கத் தெரிந்தவளைப் பார்க்க முடியாத காலம் வரை வீட்டில் வைத்திருந்துவிட்டு, பார்க்கத் தெரியாதவன் வந்து நிற்கிறேன் என்று அவருக்குத் தோன்றியது. "ஏன் சத்தத்தையே காணோம்?" என்று அவள் கேட்டாள். "வளைவு" என்றார்.

ஏரி வந்ததும் வண்டியை ஓரம் கட்டினார். கையைப் பிடித்து இறக்கி, தண்ணீரின் விளிம்பு வரை கூட்டிப்போனார். காற்று அவள் முந்தானையை இழுத்தது.

"நீலமா இருக்கு" என்றார், அவள் கேட்கும் முன்பே.

"என்ன நீலம்?"

இந்தமுறை அவர் விட்டுவிடவில்லை. நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "நம்ம பொண்ணு ஸ்கூல் யூனிஃபார்ம் இருந்துச்சே, நீ தோச்சுத் தோச்சு கடைசி வருஷம் ஒரு மாதிரி வெளுத்துப் போச்சே? அந்த நீலம். நடுவுல மட்டும் புதுசா வாங்கினப்போ இருந்த மாதிரி இருக்கு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இப்போ தெரியுது" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திசையில் முகத்தை வைத்து நின்றாள். அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த நல்ல நிமிடம் அது ஒன்றுதான்.

கடலை அடைந்தபோது மாலையாகிவிட்டது. சாலை எந்த ஆரவாரமும் இல்லாமல் ஒரு மணல்மேட்டில் முடிந்தது. ஒரு தடுப்புக் கட்டை, பூட்டிய ஐஸ்கிரீம் கடை, கவிழ்த்துப் போட்ட படகு. இருவரும் படகின் மேல் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் அலைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் மனதுக்குள் சொற்களைத் தேடிக்கொண்டே வந்திருந்தார். அவள் அவர் கையின் மேல் கையை வைத்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் சும்மா இருங்க. கேக்குது."

இருந்தார். வெகுநேரம் கழித்து அவளே பேசினாள்.

"எனக்குக் கோபம் இருக்குங்க."

"இருக்கும். இருக்கணும்."

"உங்க மேல மட்டும்னு நினைக்காதீங்க. எனக்கும் ஓட்டத் தெரியும். நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. சாவி ஆணியிலதான தொங்குச்சு? ஒருநாள் குழந்தையை ஏத்திக்கிட்டு நானே எடுத்திருக்கலாம். நீங்க அலறிக்கிட்டே பின்னாடி வந்திருப்பீங்க." அவள் சிரிக்க முயன்றாள். "நீங்க தயாராகட்டும்னு உக்காந்திருந்தேன். நான் தயாராத்தான் இருந்தேன்னு எனக்கே தோணல."

மாஸ்டர் மன்னிப்புக் கேட்க நினைத்தார். எந்தத் தவறுக்கு என்று சொல்லிக் கேட்பது? கியர்பாக்ஸுக்கா, நெற்றிக் காயத்துக்கா, நீச்சலுக்கா? ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை. அவர் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தார். அவள் முந்தானையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் வீடு நிறைய ஆட்கள். எப்படி இருந்தது என்று அவளிடம்தான் கேட்டார்கள். அவள் சொன்னாள். தேநீர்க் கடைப் பெண்ணின் சிரிப்பு, மலையில் காது அடைத்துத் திறந்த சத்தம், ஏரிக்கரையில் ஈரப்பாசி வாசனை எல்லாம் வந்தன. மாஸ்டர் வாசலில் நின்று கேட்டார். பாதி விஷயம் அவருக்கே புதிதாக இருந்தது.

அடுத்த வருடம் அதே பருவத்தில் மாஸ்டர் கேட்டார். "வேற ரோட்டுல போகலாம். தெற்கால ஒரு அருவி இருக்காம். இப்போ நான் நல்லாச் சொல்றேன்." உண்மைதான். வருடம் முழுக்க மாடியில் நின்று தெருவில் நடப்பதையெல்லாம் அவளுக்குச் சொல்லிச் சொல்லி ஓரளவு தேறியிருந்தார்.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் நுனியால் அளந்து, ஒரே சீராக.

"வேண்டாங்க."

"ஏன், போன தடவை நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இந்த வீட்டுல எனக்கு எல்லாம் தெரியும். எது எங்க இருக்கு, எத்தனை எட்டு வெக்கணும், எல்லாம். வெளியில போனா ஒவ்வொரு இடமும் புதுசா இருட்டா இருக்கு. அதை ஒரு தடவை பாத்தாச்சு. போதும்."

மாஸ்டருக்கு அதற்கு மேல் வற்புறுத்த வாய் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் கேட்டுப் பார்த்தார். அவள் அதே குரலில் அதையே சொன்னாள். வேனைத் தம்பி பட்டறைக்கு எடுத்துப்போனான், இரும்புக் கேட்டுகளை ஏற்றிப்போகத் தோதாக இருக்கும் என்று. கட்டிலை அறுத்து எடுக்கும்போது அவன் கொஞ்சம் தயங்கி மாமாவைப் பார்த்தான். மாமா, "எடு மச்சான்" என்றார்.

மழை வரும்போல் இருந்த ஒரு மத்தியானம், சும்மா இருக்க மாட்டாமல் அவர் இன்னொரு முறை அந்தப் பேச்சை எடுத்தார்.

"நீங்க வேணா போயிட்டு வாங்க" என்றாள் அவள். "எனக்கு வந்து சொல்லுங்க."

"நீ இல்லாம நான் எங்க போறது?"

மழை வாசனை வந்தது. மாடியில் துணி காய்கிறது என்று அவள் நினைவுபடுத்தினாள். அவர் எழுந்து படியேறினார்.